நிலைப்படியை வெட்டாமல் அம்மாவின் வீட்டைச் சரிசெய்து தந்தார்கள்: ஐந்துக்கு நான்கு

மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அம்மாவின் வீடு. அம்மாவுக்கு வயது 78, தனியாக இருக்கிறார். தை மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் எலும்பு முறிவு. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கைப்பிடி, படி, கழிப்பறை எல்லாம் மாற்றித் தரும் இவர்களை அதற்கப்புறம்தான் தேடிப் பிடித்தேன். வேலை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. புழங்கிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அதற்கு முன்னால் நாங்கள் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். கட்டுப் பிரித்ததும் அம்மாவைச் சென்னை மேடவாக்கத்தில் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனோம். ஒன்பதாவது மாடி, லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத தரை, எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்கே ராத்திரி எழுந்தால் சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தடவுவார், பாத்ரூம் என்று நினைத்து அலமாரியைத் திறப்பார். மறதி நோய் ஆரம்பிக்கிறதோ என்று அண்ணிக்குப் பயம் வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினோம், அப்படி எதுவும் இல்லை என்றார். மதுரை வீட்டில் கரண்ட் போன இருட்டில்கூட அம்மா நிதானமாக நடப்பார், முற்றத்துத் தூணில் கை பட்டால் அங்கிருந்து ஆறு எட்டில் அடுப்படி என்பது 54 வருடம் நடந்து நடந்து அவர் காலுக்கே தெரியும். அதைச் சென்னைக்கு எடுத்துப் போக முடியவில்லை.

இன்னொன்று. அன்று அம்மா விழுந்ததைக் கண்டுபிடித்ததே எதிர் வீட்டு அக்காதான். ஆறரை மணி ஆகியும் வாசலில் கோலம் இல்லையே என்று வந்து கதவைத் தட்டியிருக்கிறார். ஒன்பதாவது மாடியில் கோலம் இல்லை என்று யார் கவனிப்பார்கள்? மூன்று வாரம்கூட ஆகவில்லை, "என்னை ஊரில் கொண்டுபோய் விட்டுடுங்க, விழுந்தாலும் அங்கேயே விழுறேன்" என்று சொல்லிவிட்டார். நான் பெங்களூரிலிருந்து கத்தினேன், பிடிவாதம் என்று திட்டினேன். இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். வந்தவர்கள் இரண்டு பேர். என்னிடம் பேசுவதற்கு முன்னால் அம்மாவிடம் உட்கார்ந்து, "அம்மா, இந்த வீட்டில் எதில் கை வைக்கக் கூடாது, அதை மொதல்ல சொல்லுங்க" என்று கேட்டார்கள். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது. அம்மா மூன்று சொன்னார்: திண்ணை, அம்மி, வாசல் நிலைப்படி. அப்புறம் அவரைக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் நாலைந்து முறை நடக்கச் சொல்லி, தன்னையறியாமல் அவர் கை எங்கெல்லாம் சுவரில் படுகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் குறித்தார்கள். கைப்பிடிகள் அந்த இடங்களில்தான் வந்தன. அளவு புத்தகத்தைப் பார்த்து மாட்டியிருந்தால் இது கிடைத்திருக்காது. எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஈரக் கையால் பிடித்தாலும் வழுக்காதபடி சொரசொரப்பாக இருக்கிறது.

நிலைப்படி நாலு அங்குல உயரம், தடுக்கும். வெட்டிவிட்டால் வேலை சுலபம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி அது, அப்பாவைக் கடைசியாக அதைத் தாண்டித்தான் கொண்டுபோனோம். அதில் உளி பட அம்மா சம்மதிக்கவில்லை. இவர்கள் வற்புறுத்தவும் இல்லை. இரண்டு பக்கமும் சரிவாகச் செதுக்கிய மரத்துண்டு செய்து பொருத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் வேலை செய்ய வரும் பெண் அதை எடுத்து வைத்தால் அம்மா படிக்கு மஞ்சள் பூசலாம். பார்வை மங்கியவர்களுக்குப் படி விளிம்பு வேறு நிறத்தில் தெரிய வேண்டுமாம், அம்மாவின் மஞ்சளும் காவிப் பட்டையுமே அதற்குப் போதும் என்று சொல்லிவிட்டு, விற்க வைத்திருந்த ஒட்டு டேப்பை அவர்களே திருப்பி எடுத்துப் போனார்கள்.

திண்ணையிலிருந்து சந்துக்கு ஒன்றரை அடி இறங்க வேண்டும். சரிவுப் பாதை போடுங்கள் என்று நான்தான் கேட்டேன். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், உங்களுக்குப் பதினெட்டு அடி, சந்து முழுக்க அடைத்துவிடும் என்று விளக்கினார்கள். பழைய இரண்டு படியை நான்காகப் பிரித்து, ஓரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி. அம்மாவுக்கு அதுவே சரியாக இருக்கிறது.

இனி ஒரு நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்பது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், அதில் சாதாரண பிளக் அடித்து மாட்டிய பாத்ரூம் கைப்பிடி பத்தே நாளில் ஆட ஆரம்பித்தது. ஊருக்கு வந்திருந்த நான் தற்செயலாக இழுத்துப் பார்த்ததால் தெரிந்தது. அம்மா முழுப் பாரத்தையும் அதில் போட்டிருந்தால்? போன் செய்து நாலாம் நாள்தான் வந்தார்கள். காசு வாங்காமல் சுவரைத் துளைத்து, மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கி, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் போட்டு இறுக விடும் பசை) போட்டுக் கொடுத்தார்கள், இப்போது என் எடைக்கும் அசையவில்லை. ஆனால் இந்த ஊரில் பாதி வீடு பழைய சுவர்தான், முதல் நாளே தட்டிப் பார்த்திருக்க வேண்டும். செலவும் 48,000 என்று சொல்லி 61,000-இல் முடிந்தது. டாய்லெட் குழாய் மாற்றியதில் கூடியது என்றார்கள், கணக்கு சரிதான், முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்பது அம்மா போட்ட ஒரே நிபந்தனை, முடித்துக் கொடுத்தார்கள். தேர் மாசி வீதிக்கு வரும் அன்று எங்கள் வாசலில் எப்போதும் பானகம் உண்டு. இந்த வருஷமும் அம்மாவே கரைத்தார். கம்பியைப் பிடித்து நான்கு படி இறங்கி, எதிர் வீட்டு அக்காவோடு சந்து முனை வரை போய்த் தேர் பார்த்தார். நான் பின்னாலேயே போனேன், பிடிக்க விடவில்லை.

இவர்களிடம் ஒரு கேள்வியும் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போகும் படி இரண்டடி அகலம்தான், ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. அங்கே நின்றால் மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரம், மொட்டைக் கோபுரம், முழுசாகத் தெரியும். அம்மா ஏறி இரண்டு வருஷமாகிறது, வாரம் ஒருமுறையாவது கேட்கிறார். இருபக்கமும் கம்பி போட்டால் அவர் ஏற இடம் இருக்குமா என்று ஒருமுறை வந்து அளந்து பார்க்க முடியுமா?