நாஸ் பெட்டிக்கு நகலெடுக்க எந்த வழி: இழுத்துப் போடுவதா, ரோபோகாப்பியா, ஆர்சிங்கா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கங்களில் திருமண ஒளிப்பதிவு செய்வோரும் கச்சேரிகளைப் பதிந்து சேர்ப்போரும் வீட்டிலேயே நாஸ் பெட்டி (வீட்டு வலையமைப்பில் இணைந்து, கணினிகளுக்குப் பொதுச் சேமிப்பிடமாக இருக்கும் வட்டுப் பெட்டி) வைத்துக்கொள்கிறார்கள். நகலெடுப்பது பாதியில் நின்றால் பழி பெட்டியின் மீது விழுகிறது. பல நேரங்களில் குறை நாம் தேர்ந்த வழியில்தான் இருக்கிறது. வழிகளை ஒப்பிட எனக்கு இரண்டு கேள்விகள் போதும்: அறுந்த இடத்திலிருந்து தொடருமா? எந்தக் கோப்பு போய்ச் சேரவில்லை என்று சொல்லுமா?

அதற்கு முன் கம்பியைப் பார்த்துவிட வேண்டும். பழைய அக்ரஹார வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டி வரும் வைஃபையில் பெரிய கோப்புகளை அனுப்புவது வீண். லேன் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் ஜிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம். அப்போது நொடிக்கு 11 மெகாபைட் அளவே போகும். கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய 100 ஜிகாபைட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும்.

விண்டோஸில் சுட்டியால் இழுத்துப் போடுவது எளிது. ஆனால் பராமரிப்பு மின்தடையிலோ ஐப்பசி மழையிலோ கரண்ட் போய் இணைப்பு அறுந்தால், நகலாகிக்கொண்டிருந்த கோப்பை முதலிலிருந்தே அனுப்ப வேண்டும். விடுபட்டவற்றின் பட்டியலும் கிடைக்காது. சில நூறு படங்களுக்கு மேல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டோஸுடனேயே வரும், கட்டளை எழுதி இயக்கும் நகலெடுப்புக் கருவியான ரோபோகாப்பி இரண்டு கேள்விகளுக்கும் விடை தருகிறது: மறுதொடக்க முறையில் இயக்கினால் அறுந்த இடத்திலிருந்து தொடரும், கேட்டால் பதிவேடும் எழுதும். அதன் இயல்பு அமைப்புதான் ஆபத்தானது. படிக்க முடியாத ஒரு கோப்பை 30 நொடிக்கு ஒரு முறையாகப் பத்து லட்சம் தடவை முயலும்படி அது வைக்கப்பட்டிருப்பதால், கெட்டுப்போன ஒரே கோப்பு இரவு முழுவதையும் விழுங்கிவிடும். முயற்சியை இரண்டாகவும் காத்திருப்பை ஐந்து நொடியாகவும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளை நகலெடுத்து இரு இடங்களையும் ஒத்திருக்கச் செய்யும் ஆர்சிங்க் என்ற நிரல் 1996-இல் வெளிவந்தது. இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல்தான், பல நாஸ் பெட்டிகள் விண்டோஸுடன் பேச உதவும் சாம்பாவையும் தொடங்கியவர். இது ஒவ்வொரு கோப்பையும் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்து சரிபார்த்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுவதால், அரைகுறைக் கோப்பு முழுக்கோப்பைப் போல நின்று ஏமாற்றாது. பெட்டியைப் பகிர்வுக் கோப்புறையாக இணைத்து அதில் ஆர்சிங்கை ஓட்டினால் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் திறன் வேலை செய்யாது. பெட்டியிலேயே உள்ள ஆர்சிங்க் சேவையுடன் பேசவைக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் தமிழில் பெயர் வைக்கும் நாம் இடறுகிற இடம் ஒன்று உண்டு. பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸ் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட் இடம் தருகிறது. தமிழில் எழுத்தும் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே மூன்று பைட் எடுக்கும். சில பெட்டிகளின் மறையாக்க (கடவுச்சொல்லால் பூட்டிய) கோப்புறைகளில் வரம்பு 143 பைட் மட்டுமே. ‘திருவையாறு தியாகராஜர் ஆராதனை பஞ்சரத்ன கீர்த்தனைகள்’ என்ற பெயர், ‘.mp3’ போன்ற மூன்றெழுத்து வால்பெயரையும் அதன் புள்ளியையும் சேர்த்தால் 146 பைட் ஆகிறது. அந்தக் கோப்பு மட்டும் உள்ளே போகாது, காரணமும் தெளிவாகத் தெரியாது. இன்னொன்று, பழைய மேக் வட்டு வடிவம் ஒகர, ஓகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். அங்கிருந்து வரும் ‘கோயில்’ ஏற்கெனவே பெட்டியில் உள்ள ‘கோயில்’ ஆகாது. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நிற்கும். பெயரின் குறியாக்கத்தை மாற்றித் தரும் வசதி ஆர்சிங்கில் உண்டு என்பதால், மேக் வைத்திருப்போருக்கு வேறு வழியை நான் சொல்லவே மாட்டேன்.

பெட்டியின் யூஎஸ்பி துளையில் வட்டைச் செருகி, பெட்டியையே நகலெடுக்கச் சொல்வது முதல் தடவை பெருந்தொகுப்பை ஏற்ற மிகச் சிறந்தது; ரவுட்டரும் கணினியும் இடையில் வராது. அதன்பின் அன்றாடம் சேர்பவற்றுக்கு விண்டோஸ் மட்டும் உள்ள வீட்டில் ரோபோகாப்பியும், மற்ற வீடுகளில் ஆர்சிங்கும் என் தேர்வு. இரண்டுமே மறு ஓட்டத்தில் அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும். ஆகவே மெமரி கார்டை அழிக்கும் முன் ஆர்சிங்கை உள்ளடக்கச் சரிபார்ப்புடன், எதையும் மாற்றாத ஒத்திகை ஓட்டமாக ஒரு முறை ஓட்டுங்கள். அதன் பட்டியலில் ஒரு கோப்புப் பெயர் வந்தாலும் கார்டை அழிக்க வேண்டாம்.