ராணி இல்லாத பெட்டிக்கு 46,000 ரூபாய்

ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நாளைக்கு என்று வைத்தால் "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன். என் சுபாவம் அப்படி. போனது 46,000 ரூபாய். ஒன்றரை வருடம் கட்டி எடுத்த சீட்டுக் காசு. தேனீ வளர்க்க ஆசைப்பட்டு, இணையத்தில் பெட்டி விற்கும் ஒரு பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்தேன். பக்கத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே வேறு பெயரில் வருவான். ஆள் எப்படிப் பேசினான் என்பதைச் சொல்கிறேன், அதை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன்.

எங்கள் வளவு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். ஆறு தென்னை, இரண்டு முருங்கை, கிணற்றடியில் தேசியும் வாழையும், வேலி முழுக்கச் சீமைக்கிளுவை. பின்பக்க மாமரத்தில் ஒரு குளவிக் கூடு. கறுப்பு உடம்பு, வயிற்றைச் சுற்றி அகலமான மஞ்சள் பட்டை, அந்தக் குளவிதான். அம்மாவுக்கும் அதற்கும் நீண்ட நாளாக ஓர் ஒப்பந்தம் உண்டு. அம்மா அந்த மரத்தடியில் குப்பை கொளுத்தமாட்டார், கொக்கத்தடி போடமாட்டார். அது கத்தரிச் செடியில் புழுப் பொறுக்கிக்கொண்டு தன் பாட்டில் போகும். சூள் கொளுத்திக் கலைக்கச் சொல்லி அயலில் நாலு பேர் சொல்லியும் அம்மா கேட்கவில்லை.

மாசி தொடக்கத்தில் அந்தப் பக்கத்தில் ஒரு காணொளி பார்த்தேன். பெட்டி வாசலில் தேனீக்கள் காலில் மஞ்சள் மஞ்சளாக மகரந்தம் கட்டிக்கொண்டு இறங்குகின்றன. விலை என்ன என்று எழுதினேன். விலை சொல்லவில்லை, உடனே அழைப்பு எடுத்தான்.

"அக்கா, விலையை விடுங்கோ. முதல்ல வளவைச் சொல்லுங்கோ. என்ன மரம் நிக்குது? தண்ணி கிட்ட இருக்கோ? பக்கத்தில தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவையோ?"

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். விற்க வருகிறவன் இப்படியெல்லாம் விசாரிப்பானா? நான் முருங்கையைச் சொன்னேன், தேசியைச் சொன்னேன், தயங்கித் தயங்கிக் குளவிக் கூட்டையும் சொன்னேன். சிரித்தான். "எங்கட கூடு ஆறு மாசப் பழைய கூடு அக்கா, நல்ல பலம். குளவி வந்தா உருண்டையாச் சுத்திப் பிடிச்சுச் சூட்டிலேயே கொண்டு போடும். பயப்படாதேங்கோ."

அவன் சொன்னது பொய் இல்லை, அதுதான் கொடுமை. நம் நாட்டில் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ பலமான கூடாக இருந்தால் குளவியைக் கண்டதும் வாசலில் நின்று வயிற்றை உதறி அலை அலையாக மிரட்டும். அதற்கும் அடங்காமல் கிட்ட வந்தால் நூற்றுக்கணக்கில் மொய்த்து உருண்டையாக மூடிவிடும். ஜப்பானில் உள்ள இதே இனத் தேனீயின் உருண்டைக்குள் சூடு 46 பாகை செல்சியசைத் தாண்டுமாம். 46! அந்த எண்ணைக் கண்டாலே எனக்கு இப்போது எரிகிறது.

கணக்கு இதுதான். கூட்டுடன் பெட்டி ஒன்று 18,000, இரண்டுக்கு 36,000. புகைக்கருவி 4,500. முகவலை 3,500. ஏற்றுக்கூலி 2,000. முற்பணம் 20,000 போட்டேன். மிச்சம் 26,000ஐ வாகனம் வெளிக்கிட முன்னமே வங்கியில் போடச் சொன்னான், போட்டேன். பெட்டியைக் கண்ணால் பார்க்காமல், ஆளை நேரில் காணாமல், முழுக் காசும்.

இரவு ஒன்பதரைக்குப் பட்டா என்கிற சின்ன லொறியில் பெட்டி வந்தது. வாசலைத் தும்பால் அடைத்திருந்தார்கள். கொண்டுவந்த பொடியன், "நான் ஏத்தி இறக்கிற ஆள் மட்டும்தான் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். பலகையில் காதை வைத்துப் பார்த்தேன். பால் பொங்கப் போவதற்கு முந்தி ஓர் இரைச்சல் வருமே, அப்படி இருந்தது. அன்றைக்கு எனக்கு நித்திரையே இல்லை, அவ்வளவு சந்தோசம். "ஏழு நாளைக்குத் திறக்காதேங்கோ, கூடு பழகட்டும்" என்று செய்தி போட்டிருந்தான். சரியான அறிவுரை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அம்மா கூப்பிட்டுக் கத்தினார். இரண்டாவது பெட்டியின் வாசலால் தேனீக்கள் பொலுபொலுவென்று கொட்டிக்கொண்டிருந்தன. தென்னை உயரத்துக்கு எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, ரயில் பாதைப் பக்கம் போய் மறைந்தன. கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, பெட்டி வெறும் பெட்டி. அழைத்தேன். "அது உங்கட வீட்டு ராசி அக்கா. எங்களிட்ட எடுத்த ஆருக்கும் இப்பிடி நடக்கேல்லை. மற்றப் பெட்டியைத் திறந்திடாதேங்கோ, அதுவும் ஓடிடும்."

ராசியாம்! அதைக் கேட்டுவிட்டு நானும் பேசாமல் இருந்தேன் பாருங்கள்.

பதினைந்தாம் நாள் பொறுக்க முடியாமல் பின் ஒழுங்கையில் இருக்கும் அப்புவைக் கூட்டிவந்தேன். இளமையில் பனங்கொட்டுகளுக்குள் இருந்து தேன்வதை, அதாவது தேனடை, எடுத்தவர். புகைக்கருவியின் துருத்தி முதல் அமுக்கிலேயே தையல் விட்டது, அதற்கு 4,500. அப்பு அதை ஓரமாக வைத்துவிட்டு ஊதுபத்திக் கட்டைப் பற்றவைத்தார். பெட்டிக்குள் வதையைத் தாங்கி நிற்கும் மரச் சட்டங்களில் முதலாவதை மெல்லத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தார். வதையைச் சட்டத்தோடு வாழைநாரால் கட்டியிருந்தது.

"ஆறு மாசக் கூடெண்டோ சொன்னவன்? நார் அப்பிடியே கிடக்கு பிள்ளை. பலமுள்ள தேனீயெண்டா ரெண்டு மூண்டு நாளில வதையைச் சட்டத்தில ஒட்டிப்போட்டு நாரை அரிச்சு வெளியில தள்ளிப்போடும். இது எங்கையோ பொந்தில இருந்து வெட்டிக் கட்டி, அடுத்த நாளே உனக்கு ஏத்தின கூடு."

பிறகு வதையைச் சரித்து ஒரு குழியை விரலால் காட்டினார். உற்றுப் பார்த்தேன். வெள்ளை நூல் துண்டுபோல முட்டை. ஒன்றல்ல, ஒரே குழிக்குள் மூன்று, பக்கத்துக் குழியில் நாலு, சில சுவரில் ஒட்டிக்கொண்டு. ராணி என்றால் குழிக்கு ஒரு முட்டையாக அடியில் நேராக வைக்கும். இது ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்களே இட்ட முட்டை, அதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் பொரிக்கும். கீழ்ப்பக்கம் மூடியிருந்த குழிகள் பொட்டுக்கடலை மாதிரிப் புடைத்து, ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசி குத்தினது போல ஒரு துளை. ஆண் புழு இருக்கும் குழியின் அடையாளம் அந்தத் துளை.

"ஓடின பெட்டியில ராணி இருந்திருக்கும், அதாலதான் கூட்டிக்கொண்டு போட்டுது" என்றார் அப்பு. "இதுகளுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் ஆளில்லை."

படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதல் பதில்: "ராணி வெக்கப்படும் அக்கா, ஒளிச்சிருக்கும்." இரண்டு நாள் கழித்து: "சீனிப்பாகு வையுங்கோ." பிறகு: "வெள்ளிக்கிழமை புது ராணி அனுப்புறன்." மூன்று வெள்ளி போனது. வேலைக்காரத் தேனீக்கு ஆயுள் ஆறு கிழமை அளவுதான். புதிதாக ஒன்றும் பிறக்காத பெட்டியில் ஒவ்வொரு வெள்ளிக்கும் தேனீ குறைந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் குளவி வரத் தொடங்கியது. வாசலுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கும். மகரந்தம் கொண்டுவரும் தேனீ வேகம் குறைக்கும் நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தேசிக் கொப்பில் ஒற்றைக் காலில் தொங்கும். தலையை வெட்டும், சிறகை வெட்டும், வயிற்றை வெட்டும், நடு உடம்பை மட்டும் உருட்டி எடுத்துக்கொண்டு மாமரத்துக்குப் போகும். கொப்புக்குக் கீழே சிறகுகள் கிடந்து மினுங்கின. உதறி மிரட்ட வாசலில் இருபது தேனீகூட இல்லை. தகரத்தில் வாசலைச் சின்னதாக்கிப் பார்த்தோம், பந்தம் கொளுத்தாமல் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் பார்த்தோம். எனக்குக் குளவியில் கோபம் இல்லை. அது அங்கே இருக்கிறது என்று நான் முதல் நாளே அவனிடம் சொன்னேன்.

அதற்கு அவனுடைய பதில்: "குளவி திண்டதுக்கு நான் பொறுப்பில்லை அக்கா." உருண்டையாகப் பிடித்துக் கொல்லும் என்று சொன்ன அதே வாய். அதன்பிறகு குரல் செய்திகளைக் கேட்டான், பதில் இல்லை. பிறகு என்னைத் தடுத்துவிட்டான். வங்கியில், "நீங்களே விரும்பி அனுப்பின காசு" என்றார்கள். அந்த இணையத் தளத்துக்கு முறைப்பாடு போட்டேன். விதிமுறை மீறப்படவில்லை என்று ஒரு மணித்தியாலத்தில் பதில். எந்த மனிதன் வாசித்திருப்பான்? 46,000 ரூபாய் போனது அவர்களின் விதிமுறைக்குள் வரவில்லையாம்.

நேற்று அம்மாவின் தொலைபேசியில் இருந்து, புதிதாக வாங்குகிற ஆள் மாதிரி, பெட்டி என்ன விலை என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் அழைப்பு வந்தது. அம்மா எடுத்தார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அம்மா, விலையை விடுங்கோ. முதல்ல வளவைச் சொல்லுங்கோ. என்ன மரம் நிக்குது?"

சொல்லுக்குச் சொல் அதேதான். அந்த இடத்தில் வந்த ஆத்திரம்தான் இந்தப் பதிவு.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் போய்ப் பெட்டியைத் திறக்க வைத்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். குழிக்கு ஒரு முட்டையா என்று வெயிலில் பிடித்துப் பாருங்கள், நார் புதிதாகக் கிடந்தால் வாங்கவே வேண்டாம். தேனீ தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நான் அப்புவைப் பிந்திக் கூப்பிட்டேன். குளவிக் கூட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றப் போகாதீர்கள். கொட்டு வாங்கி மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு பூசிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏமாந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. விற்றவரின் முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. என்னிடம் இருப்பது ஒரு கணக்கு இலக்கமும் ஒரு காணொளியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. "அம்மா, ரெண்டு பெட்டிதான் மிச்சம். முற்பணம் 20,000 போட்டா எடுத்து வைக்கிறன்." அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார். பதிலைத் தானே எழுத வேண்டுமாம்.