மாவுச்சத்து குறைத்த டயட் திட்டங்கள்: ஏழாவது மாதத்துக்கு எது தாங்கும்?

அட்கின்ஸ், கீட்டோ, சவுத் பீச் என்று பெயர் எதுவானாலும், மாவுச்சத்தைக் குறைக்கும் திட்டங்கள் முதல் ஆறு மாதங்களில் எடையைக் குறைக்கின்றன. சொன்னபடி சாப்பிட்டால் இறங்கும், சந்தேகம் வேண்டாம். ஆனால் புத்தகமோ, செயலியோ, மாதச் சந்தாவோ, ஒரு டயட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஆறு மாதத்துக்காக வாங்குவதில்லை. இறங்கிய எடை இறங்கியபடியே நிற்க வேண்டும் என்றுதான் வாங்குகிறார். அதனால் ஒவ்வொரு திட்டத்திடமும் நாங்கள் வைத்த கேள்வி ஒன்றே: ஏழாவது மாதத்திலிருந்து என்ன சாப்பிடுவது என்று இது சொல்லித் தருகிறதா?

முதல் வாரத்தில் எடை இயந்திரம் காட்டும் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து சுமார் 400 முதல் 500 கிராம் கிளைகோஜன், அதாவது உடல் சேமித்துவைத்த மாவுச்சத்து, இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து நின்றதும் உடல் இந்தக் கையிருப்பை எடுத்துச் செலவழிக்கிறது, தண்ணீரும் கூடவே போகிறது. இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றுகிறது. ஒரே வாரத்தில் 2 கிலோ குறைவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோகூட வராது. திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். ஒரு விருந்தில் வயிறாரச் சாப்பிட்டால் மறுநாள் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். மறுபடி டயட் உணவுக்குத் திரும்பினால் சில நாட்களில் போய்விடும். அந்த ஒரு எண்ணைப் பார்த்து மனமுடைந்து டயட்டையே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

தண்ணீர் போன பிறகு இறங்குவது கொழுப்பு. காரணம் எளிமையானது: ஆட்கள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள். புரதம் கூடுவதால் பசி அடங்குகிறது. இனிப்பு, பிஸ்கட், குளிர்பானம், மைதாப் பண்டம் எல்லாம் ஒரே விதியால் ஒதுங்கிவிடுகின்றன. தட்டில் தேர்வு குறைந்தாலே கை தானாகக் குறைவாக எடுக்கும். இன்சுலினைத் தாழ்த்தினாலே கொழுப்பு கரையும், கலோரி பொருட்டில்லை என்று சில திட்டங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் இரண்டு வாரம் கீட்டோ உணவும் வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். மாவுச்சத்து நிறைந்த அந்தத் தாவர உணவில்தான் அவர்கள் நாளுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். இன்சுலின் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தால் இப்படி நடந்திருக்காது.

நீண்டகாலக் கணக்கு வேறு. 2003இல் 63 பேரைக் கொண்டு அட்கின்ஸ் திட்டத்தைச் சோதித்தபோது, ஆறாம் மாதத்தில் அட்கின்ஸ் குழு 7 சதவீத எடையை இழந்திருந்தது, வழக்கமான டயட் குழு 3.2 சதவீதம். பன்னிரண்டாம் மாதத்தில் இரண்டுக்கும் இடையே கணக்கில் கொள்ளத்தக்க வித்தியாசம் இல்லை. 2005இல் 160 பேரிடம் நான்கு பிரபல டயட்களை ஒப்பிட்ட ஆய்வில், எந்த டயட் என்பதைவிட எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பதே எடை இழப்போடு ஒட்டிப்போனது. அதில் அட்கின்ஸ் குழுவில் ஓராண்டை முடித்தவர்கள் 53 சதவீதம் மட்டுமே. 2022இல் வெளியான காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 61 சோதனைகளை, கிட்டத்தட்ட 7,000 பேரின் முடிவுகளை எடுத்துப் பார்த்தது. சமச்சீர் உணவோடு ஒப்பிட்டால் இரண்டு ஆண்டு வரை எடையில் வித்தியாசம் சொற்பம், அல்லது இல்லவே இல்லை.

இஸ்ரேலின் டிமோனாவில் 322 பேரிடம் நடந்த ஆய்வு இந்த டயட்டுக்குச் சாதகமானது. இரண்டு ஆண்டு முடிவில் மாவுச்சத்து குறைத்தவர்கள் 4.7 கிலோ, மத்தியதரைக்கடல் உணவினர் (ஆலிவ் எண்ணெய், காய்கறி, மீன் அதிகம்) 4.4 கிலோ, கொழுப்பு குறைத்தவர்கள் 2.9 கிலோ இழந்திருந்தார்கள். பணியிடத்தின் உணவகத்திலேயே மதிய உணவு தயாராகக் கிடைத்தது என்பதைச் சேர்த்துப் படியுங்கள். ஆய்வு முடிந்து, தொடங்கிய நாளிலிருந்து ஆறு ஆண்டு ஆனபோது மாவுச்சத்து குறைத்தவர்களிடம் எஞ்சிய இழப்பு 1.7 கிலோ, மத்தியதரைக்கடல் உணவினரிடம் 3.1 கிலோ.

ஏன் திரும்புகிறது? எடை இறங்க இறங்க உடல் இரண்டு பக்கமும் இழுக்கிறது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 25 கலோரி செலவு குறைகிறது, பசி சுமார் 100 கலோரி கூடுகிறது. பத்து கிலோ இழந்தவருக்கு, முன்பைவிட 250 கலோரி குறைவாகச் செலவாகும் உடம்பும் 1,000 கலோரி அதிகமாகக் கேட்கும் வயிறும் இருக்கும். தொடக்கத்தில் பசியை அடக்கிய அதே உணவு ஆறேழு மாதத்தில் போதாமல் போவது இதனால்தான். மன உறுதி இல்லை என்று யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை. இந்த இழுபறிக்கு ஒரு திட்டம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதே அதன் தரம்.

அந்த அளவுகோலில் நாங்கள் முதலிடம் தருவது அட்கின்ஸின் நான்கு கட்ட ஏணிக்கு. முதல் இரண்டு வாரமாவது நாளுக்கு 20 கிராம் நெட் கார்ப், அதாவது மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழித்தது. அதில் 12 முதல் 15 கிராம் காய்கறியிலிருந்தே வர வேண்டும். இரண்டாம் கட்டத்தில் வாரத்துக்கு 5 கிராம் கூட்டுகிறார்கள். இலக்கை நெருங்கியதும் வாரத்துக்கு 10 கிராம். கடைசியில் 80 முதல் 100 கிராமில் நிலைநிறுத்துகிறார்கள். ராபர்ட் அட்கின்ஸ் 1972இல் இத்திட்டத்தை வெளியிட்டார். அரை நூற்றாண்டாகியும் பலர் முதல் கட்டத்தைத்தான் அட்கின்ஸ் என்று நினைக்கிறார்கள். எடை வேகமாக இறங்கும் கட்டத்திலேயே தங்கிவிட்டு, சலித்ததும் ஏணியிலிருந்து குதிக்கிறார்கள். அதன் பிறகு வேதாளம் முருங்கை மரம் ஏறத்தான் செய்யும்.

கீட்டோ திட்டங்களுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. 1921இல் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் இந்த உணவுமுறைக்குப் பெயரிட்டது வலிப்பு நோய்க்காக. அங்கே கீட்டோன், அதாவது மாவுச்சத்து இல்லாதபோது கல்லீரல் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் எரிபொருள், அதன் அளவுதான் மருந்து, அதனால் கொழுப்பை உயர்த்தியே ஆக வேண்டும். எடை குறைக்க வந்தவருக்கு அந்தத் தேவை கிடையாது. ஆனாலும் பல செயலிகள் கலோரியில் 75 சதவீதம் கொழுப்பு என்ற இலக்கை வைத்து, மாலையில் அது நிரம்பவில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டுகின்றன. 2,000 கலோரியில் 75 சதவீதம் என்றால் 167 கிராம் கொழுப்பு. அதை நிரப்ப வெண்ணெய் போட்ட காபி குடித்தால் ஒரு கோப்பைக்கே 300 கலோரி போய்விடும். உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைய வேண்டிய இடத்தைத் தட்டில் வைத்த கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. கீட்டோவில் எடை நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, 100 கிராம் பாதாம் சுமார் 580, சீஸ் சுமார் 400. இவற்றை ஒரு வாரம் எடை போட்டுப் பாருங்கள், காரணம் கண்ணில் படும். இன்னொரு குறை: பெரும்பாலான கீட்டோ திட்டங்களில் வெளியே வரும் வழி இல்லை. வாழ்நாள் முழுக்க 20 கிராம் மாவுச்சத்து அல்லது பழைய சாப்பாடு என்று இரண்டே கதவு. நீரிழிவு இரண்டாம் வகை உள்ளவர்களை மட்டும் இதில் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவக் குழுவின் தொடர் கண்காணிப்போடு 262 பேர் இருந்த அமெரிக்க ஆய்வில், 74 சதவீதத்தினர் இரண்டு ஆண்டு நீடித்தார்கள், எடையும் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைந்து நின்றது. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை என்றாலும், தொடர்ந்து கேள்வி கேட்க ஆள் இருந்தால் நிலைமை மாறும் என்பதற்கு நல்ல சாட்சி.

சவுத் பீச் திட்டம் கிராம் எண்ணச் சொல்வதில்லை. இரண்டு வாரம் தானியம், பழம், சர்க்கரை இல்லை. பிறகு முழுத்தானியமும் பழமும் படிப்படியாகத் திரும்புகின்றன. எண்ணிச் சாப்பிடப் பொறுமை இல்லாதவருக்கு இது பொருந்தும். டுகான் திட்டம் கொழுப்பையும் சேர்த்துக் குறைப்பதால் முதல் கட்டம் வறட்சியானது, மலச்சிக்கலும் வரும். பரிந்துரைக்க மாட்டோம். அதில் கடன் வாங்கத் தக்கது ஒரு யோசனை: இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் 10 நாள் நிலைப்படுத்தும் காலம். பத்து கிலோ என்றால் 100 நாள். எடை இறங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவருக்கு இந்தக் கணக்கு உதவும்.

பாக்கெட்டில் வரும் ‘லோ கார்ப்’ சாக்லேட், பார் வகைகளில் எச்சரிக்கை வேண்டும். அட்டையில் ‘2 கிராம் நெட் கார்ப்’ என்று இருக்கும், பொருள் பட்டியலில் மால்டிடால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு இருக்கும். அதை முழுக்கக் கழித்துவிடுகிறார்கள், ஆனால் அதில் கணிசமான பங்கு ரத்தத்தில் சேருகிறது. 15 கிராம் மால்டிடால் இருந்தால் பாதியையாவது உங்கள் கணக்கில் எழுதுங்கள். எரித்ரிடால் என்ற மாற்று இனிப்பு என்றால் கழிக்கலாம். சந்தா கட்டும் சேவைகளிடம் பணம் கொடுக்கும் முன் கடைசிக் கட்டத்துக்கான ஒரு வார உணவுப் பட்டியலைக் கேளுங்கள். முதல் வாரப் பட்டியலை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

எந்தத் திட்டமானாலும் தொடங்கும்போது புரதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்: இலக்கு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம். 65 கிலோ இலக்கு என்றால் 80 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் வரும் என்பதால் இதற்குத் திட்டமிட வேண்டும். குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும். இரண்டாவது நாளிலிருந்து தலைவலி, சோர்வு, எழுந்ததும் கிறுகிறுப்பு வந்தால் அதை கீட்டோ ஃப்ளூ என்கிறார்கள். பெரும்பாலும் உப்பும் நீரும் வெளியேறியதன் விளைவு. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொந்தரவு இல்லாதவர் உப்புப் போட்ட சூப் ஒன்றிரண்டு கோப்பை குடித்தால் அன்றைக்கே தெளியும். மலச்சிக்கலுக்குக் கீரை, முட்டைகோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றை நாளுக்கு 400 கிராமாவது சேர்க்க வேண்டும். கீட்டோன் அளவைப் பார்க்கச் சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டையில் நிறம் வெளிறினால் பதற வேண்டாம். அது காட்டுவது வெளியே போகும் கீட்டோனை. சில வாரங்களில் உடல் பழகியதும் நிறம் மங்குவது இயல்பு.

பிறகு ஏணி. எடை இறங்குவது தானாக வேகம் குறைந்ததும், அல்லது மூன்றாம் மாதம் முடிந்ததும், எது முதலில் வருகிறதோ அன்று ஏறத் தொடங்குங்கள். வாரத்துக்கு 10 கிராம், ஒரு நேரத்தில் ஒரே வகை. முதலில் காய்கறி, அடுத்து கொட்டைகளும் விதைகளும், பிறகு தயிர், பருப்பு, பழம், கடைசியில் முழுத்தானியம். வேகவைத்த பருப்பு 100 கிராமில் மாவுச்சத்து 20 கிராம், அதில் 8 கிராம் நார். ஒரு நடுத்தர ஆப்பிள் 25 கிராம். வேகவைத்த அரிசி 100 கிராமுக்கு 28. தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். புதிய வகை சேர்த்த வாரத்தில் அரைக் கிலோ ஏறினால் அது பெரும்பாலும் கிளைகோஜன் நீர். அடுத்தடுத்த இரண்டு வாரமும் ஏறிக்கொண்டே போனால் ஒரு படி கீழே இறங்கி அங்கேயே ஒரு மாதம் நில்லுங்கள். 2018இல் 609 பேரைக் கொண்டு நடந்த அமெரிக்க ஆய்வில் மாவுச்சத்து குறைத்த குழுவும் 20 கிராமில் தொடங்கித் தாங்கும் அளவுக்கு ஏறியது. ஓராண்டில் அவர்கள் சராசரியாக நின்ற இடம் சுமார் 130 கிராம், இழந்தது 6 கிலோ. கொழுப்பு குறைத்த குழு இழந்தது 5.3 கிலோ. எனவே 130 கிராமில் நிற்பதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரைப் பார்க்காமல் முதல் நாளைக்கூடத் தொடங்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்துபோகும், அளவை அன்றிலிருந்தே மாற்ற வேண்டியிருக்கும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவருக்கு ரத்தச் சர்க்கரை அதிகம் உயராமலேயே கீட்டோ அசிடோசிஸ் (கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் நிலை) வரும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்றால் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் சில வாரங்களில் தேவைக்கு மேல் ஆகிவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் 20 கிராம் கட்டத்தைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரகக் கல், கவுட் (யூரிக் அமில மூட்டுவலி) இருந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். மற்ற எல்லோரும் தொடங்கும் முன் ஒரு முறையும் மூன்றாம் மாதத்தில் ஒரு முறையும் எல்டிஎல் (ரத்தத்தில் உள்ள ‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) பாருங்கள். சிலருக்கு எடை குறையும்போதே அது வெகுவாக உயர்கிறது. உயர்ந்திருந்தால் வெண்ணெய், க்ரீம், கொழுப்பு இறைச்சியைக் குறைத்து, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் போன்றவற்றுக்கு மாறி, நாளுக்கு 50 முதல் 100 கிராம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்த்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி பரிசோதிக்க வேண்டும்.