செம்பாவின் மழைப் போர்வை: நான்கு மாத ஈரத்துக்குப் பிறகு

மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை என் குதிரை செம்பாவின் போர்வைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். தோள், முதுகு, இடுப்பு எல்லா இடத்திலும் ரோமம் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. அன்றைக்கே இதைப் பற்றி எழுதத் தோன்றியது. ஆனால் மழைப் போர்வையைப் பற்றி முதல் மாதத்தில் சொல்லும் நல்ல வார்த்தைக்குப் பெரிய மதிப்பில்லை. சேறு, உரசல், துவைப்பு எல்லாம் பட்ட பிறகு அது என்னவாகிறது என்று பார்க்க வேண்டும். இப்போது நான்கு மாதம் முடிந்துவிட்டது.

செம்பா 11 வயதுப் பெண் குதிரை. செம்பழுப்பு நிறம், எடை சுமார் 430 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்தபோது, முதுகுப் பக்கம் எது சரசரத்தாலும் நாலடி தள்ளிப் போய் நிற்பாள். அவளிடம் இருந்த பழைய போர்வை பிளாஸ்டிக் தாள் மாதிரி சத்தம் போடும். கழுத்துப் பக்கத்தில் வெல்க்ரோ பட்டை. அதைப் பிரிக்கும் ‘சர்ர்’ சத்தத்துக்கே அவள் உடம்பு விறைத்துவிடும். போதாததற்கு அது ஒழுகவும் ஒழுகியது. ஒழுகும் போர்வை போர்வையே இல்லாததைவிட மோசம் என்பதைப் போன குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன். உள்ளே ஈரமும் சூடும் சேர்ந்து தோல் ஊறிப்போனது. டெர்மட்டோஃபிலஸ் என்கிற பாக்டீரியாவுக்கு அதுதான் வேண்டும். முதுகு முழுக்கப் பொருக்கு. தொட்டால் ரோமம் சிறு தூரிகைக் கொத்துகளாகக் கையோடு வந்தது. ஆறு வாரம் சேணம் வைக்கவே முடியவில்லை. அந்த ஆறு வாரத்தில் அவள் மறந்ததைவிட, நான் முதுகுப் பக்கம் கை கொண்டுபோனாலே வலிக்கும் என்று அவள் கற்றுக்கொண்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதனால் இந்த முறை வாங்கும்போது இரண்டே கேள்வி. நனையாமல் காக்குமா? சத்தம் போடாமல் இருக்குமா?

வெளித்துணி 1200 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) பாலியெஸ்டர், உள்ளே வழவழப்பான நைலான். நடுவில் சதுர மீட்டருக்கு 50 கிராம் பஞ்சு. கனமாக வாங்கு, குளிர்காலம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகச் சாப்பிட்டு, குளிர்கால ரோமம் முழுதாக வளர்ந்த குதிரை 5 டிகிரிக்குக் கீழேயும் தாராளமாகச் சமாளிக்கும். அதன் ரோமம் சிலிர்த்து நின்று காற்றைப் பிடித்து வைக்கிறது. அந்த ரோமம் நனைந்து படிந்துவிட்டால் கதையே வேறு. காய்ந்த உறைபனியில் நிம்மதியாக நிற்கும் குதிரை, 5 டிகிரி மழையில் காற்றும் சேர்ந்தால் நடுங்கும். ஆக அவளுக்கு முதலில் வேண்டியது ஈரம் படாமை. பிறகு பஞ்சு எதற்கு என்றால், எந்தப் போர்வையும் ரோமத்தை அழுத்தத்தான் செய்யும். அந்த இழப்பை ஈடுகட்ட 50 கிராம் போதுமானதாக இருந்தது. ரொம்பக் குளிர்ந்த இரவுகளில் இன்னொரு போர்வை சேர்க்காமல், கூட ஒரு அணைப்பு காய்ந்த புல் போட்டேன். பெருங்குடலில் புல் நொதிக்கும்போது வரும் சூடு உள்ளேயிருந்து வருவது. அதற்கு இணை கிடையாது.

இனி பழக்கிய விதம். இந்தப் போர்வையின் உண்மையான குணம் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மழை தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். போர்வையைத் தலையணை அளவுக்கு மடித்துக்கொண்டு, அவளைக் கட்டிப்போடாமல், கயிற்றைத் தளர்வாகக் கையில் பிடித்தபடி நின்றேன். முதல் நாள் முகர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் தோளில் ஒரு தொடல். அவள் அசையாமல் நின்ற அந்தக் கணத்திலேயே துணியை எடுத்துவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். குதிரை விலகி ஓடும்போது துணியை எடுத்தால், ஓடினால் அது போய்விடும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிவிடுவோம். அவள் தள்ளிப்போனால் அதட்டாமல், துணியைச் சும்மா இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு அவளோடு நடந்தேன். கால்கள் நின்றதும் எடுத்தேன். அடுத்த தடவை இன்னும் எளிதான இடத்திலிருந்து தொடங்கினேன். ஒரு நாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. கழுத்து தாழ்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டால் அன்றைய பாடம் முடிந்தது. ஒன்பதாம் நாள்தான் முதல் கொக்கியை மாட்டினேன்.

துணி சத்தமில்லாமல் மடிகிறது. மார்புப் பக்கம் வெல்க்ரோ கிடையாது, ஒற்றைக் கையால் திறக்கும் கொக்கிகள். அவளைப் போன்ற குதிரைக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பின்னங்கால் வார்களை மாட்டும்போது மட்டும் கூடுதல் பொறுமை வேண்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ சுற்றியுள்ள எல்லாம் தெரியும், ஆனால் வாலுக்கு நேர் பின்னால் தெரியாது. எப்போதும் பக்கவாட்டில் நின்று, ஒரு கையை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டே மாட்டுவேன். கழற்றும்போது முதலில் கால் வார்கள்தான். முன்பக்கத்தை முதலில் அவிழ்த்துவிட்டு, போர்வை பின்னால் சரிந்து காலைச் சுற்றிக்கொண்டால் அத்தனை நாள் உழைப்பும் ஒரே நிமிஷத்தில் போய்விடும்.

இன்னொன்றும் செய்தேன். வெயில் அடித்த ஒரு நாள் போர்வையைப் போட்டுவிட்டு, பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளித்தேன். துணியில் சொட்டு விழும் சத்தம் மேலேயிருந்து வருவது. முதல் மழை இரவில் தனியாக அதைக் கேட்டு அவள் பயந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அந்த இரவு வந்தபோது நின்று புல் தின்றுகொண்டிருந்தாள்.

குதிரைக்குப் போர்வை வேண்டுமா என்று அதனிடமே கேட்கவும் முடியும். நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகைக் குறிகளைப் பழக்கி, போர்வை போடு, கழற்று, அப்படியே விடு என்று மூக்கால் தொட்டுச் சொல்ல வைத்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு அது. நல்ல வானிலையில் கழற்றச் சொன்னவை மழையும் காற்றும் குளிருமாக இருந்த நாட்களில் போடச் சொல்லியிருக்கின்றன. பழக்கியது முழுக்கத் தீனி கொடுத்துத்தான். எனக்கு அந்தச் செய்தியில் மிகவும் பிடித்தது அதுதான்.

சரி, சவாரி. காய்ந்த முதுகு இருந்ததால் இந்தக் குளிர்காலம் ஒரு வாரம்கூட முழுதாக விடாமல் ஏற முடிந்தது. சேற்றில் வேகம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். சறுக்கும் மண்ணில் தசைநாண்களுக்குத்தான் அடி. பெரும்பாலும் நடை மட்டும், 25 நிமிஷம். முதல் பதினைந்து நிமிஷம் லகானை நீளமாக விட்டு நேர்கோட்டில் நடை. அப்புறம் அகலமான வட்டங்கள், என் மூச்சோடு நிற்பது, ஒரே ஓர் அடி பின்னால் வைப்பது. முன்பு ஓட்டத்தில் மறைந்துபோன எத்தனையோ சின்ன இறுக்கங்கள் இந்த மெதுநடையில் தெரிந்தன. வலது பக்கம் திரும்பும்போது அவள் தோளை உள்ளே சாய்ப்பதை நான் கவனித்ததே இந்த மழைக்காலத்தில்தான்.

வியர்க்க வைக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் போர்வைதான். உள் ஈரத்தை வெளியே விடும் என்று போர்வையோடு வந்த சீட்டில் போட்டிருக்கிறது. லேசான வியர்வைக்கு அது உண்மை. ஒரு நாள் கொஞ்சம் அதிகமாக ஓட்டிவிட்டு உடனே போட்டேன், ஒரு மணி நேரம் கழித்து உள்துணியில் முத்து முத்தாக நீர். அன்றிலிருந்து முதலில் கம்பளித் துணி, முதுகு காய்ந்த பிறகுதான் இது.

குறைகள் உண்டு. மூன்றாம் வாரம் இரண்டு தோள்களிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ரோமம் தேய்ந்தது. மார்பின் நடுவிலிருந்து வால் ஓரம் வரை சரியாகத்தான் அளந்தேன். அளவு இரண்டு எண்களுக்கு நடுவே வந்தது, சின்னதை எடுத்தேன். அது என் தப்பு. ஆனாலும் தோள் மடிப்பைத் தயாரித்தவர்கள் இன்னும் தாராளமாக வெட்டியிருக்கலாம். உள்ளே வழுக்கும் துணியில் ஒரு மார்புச்சட்டை போட்டபின் ரோமம் திரும்ப வளர்ந்தது. முதுகுத்தண்டின் மேல் தையலே இல்லாதது பெரிய நன்மை. ஆனால் மூன்றாம் மாதம் அந்தத் தோள் மடிப்பின் தையலில் கசிவு. தையலை அடைக்கும் பசை தடவிச் சரிசெய்தேன். கால் வார்க் கொக்கிகள்தான் உண்மையிலேயே மட்டம். சேறு புகுந்து சுருள் இறுகிவிடுகிறது. விரல் மரத்துப்போன காலையில், ஒரு பயந்த குதிரையின் பின்னங்காலுக்குப் பக்கத்தில் குனிந்து அதோடு போராடுவது ஆபத்து. நான் கொக்கிகளை மாற்றிவிட்டேன். சாதாரணச் சோப்புத்தூளில் துவைக்கவே வேண்டாம், நீர் ஒட்டாத பூச்சு போய்விடும்.

காலுக்கு இது ஒன்றும் செய்யாது. சேற்றுப்புண்ணுக்கும் குளம்பு அழுகலுக்கும் தினமும் குளம்பைச் சுரண்டிப் பார்ப்பதும், நிற்கக் காய்ந்த இடம் ஒன்று கொடுப்பதும்தான் வழி.

அடர்ந்த ரோமம், ஒதுங்கக் கூரை, சவாரியும் இல்லை என்றால் உங்கள் குதிரைக்கு இது தேவையே படாது. வயதானது, மெலிந்தது, ரோமம் கத்தரித்தது, அல்லது செம்பா மாதிரி குளிர் முழுக்க ஏறுவது என்றால் வாங்கலாம். ஆனால் தினமும் ஒருமுறை கூரைக்கு அடியில் கழற்றி, விலா எலும்பு மேல் விரலை ஓட்டிப் பார்க்க முடிகிறவர்கள் மட்டும் வாங்குங்கள். போர்வைக்கு அடியில் குதிரை மெலிவது கண்ணுக்குத் தெரியாது. டிசம்பரில் செம்பா கொஞ்சம் இளைத்ததை என் விரல்தான் முதலில் சொன்னது.

அடுத்த குளிருக்கும் இதையே வாங்குவேன். ஓர் அளவு பெரியதாக, கொக்கிகளை முதல் நாளே மாற்றிவிட்டு.