நீருக்கடியில் பற்றவைக்கும் வயர் என்று நம்பி 46,500 ரூபாயை இழந்தேன்

கன்னியாகுமரியை அடுத்த சின்னமுட்டம் துறைமுகத்துக்கு அருகில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பு மிதவை ஒன்றைக் கரையேற்றாமல், தண்ணீரில் நிற்கும்போதே அதன் அடித்தகட்டில் ஒட்டுப்போட்டுத் தருமாறு ஒப்பந்ததாரர் ஒருவர் கேட்டதால், குச்சி குச்சியாக மாற்ற வேண்டிய வெல்டிங் ராடுக்குப் பதிலாக, உள்ளே பொடி நிரப்பிய, தொடர்ந்து ஓடும் ஃப்ளக்ஸ் கோர்டு வயரைச் சோதித்துப் பார்க்க நினைத்தேன். தொழில்துறைப் பொருட்களுக்கான இணையச் சந்தை ஒன்றில் அகப்பட்ட விற்பனையாளரிடம் 15 கிலோ ஸ்பூல்கள் (வயர் சுற்றிய உருளைகள்) மூன்றை வாங்கி, 46,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அவரை நம்பியதற்குக் காரணம் அவர் கேட்ட கேள்விகள்தான். எத்தனை அடி ஆழம், தகட்டின் கனம் என்ன, மெஷின் டிசிதானா என்று தொழில் தெரிந்தவர் கேட்பதையெல்லாம் கேட்டார். கீவ் நகரிலுள்ள பாட்டன் மின்வெல்டிங் நிறுவனம் நீருக்கடியில் பயன்படுத்துவதற்கென்றே இத்தகைய வயரை உருவாக்கியது உண்மை. அந்த உண்மையைத் தூண்டிலில் கோத்து, தம்மிடம் இருப்பதும் அதே வகைதான் என்றார். "அண்ணாச்சி, தண்ணிக்குள்ள நின்னு ராடு மாத்திக்கிட்டே இருக்கிற தொல்லை இனி உங்களுக்கு இல்ல" என்று அவர் சொன்னபோது நான் விழுந்துவிட்டேன். சந்தையின் வழியாகச் செலுத்தினால் கமிஷன் போகும் என்றதும், முழுத் தொகையையும் அவருடைய கணக்குக்கே நேராக அனுப்பினேன்.

நல்லவேளையாக, கடலில் ஆளை இறக்குவதற்கு முன் கடல்நீர் நிரப்பிய தொட்டியில் 10 மில்லிமீட்டர் தகடுகளை வைத்துச் சோதித்தேன். ஆர்க், அதாவது இரும்பை உருக்கும் மின்பொறி, நிலைக்கவே இல்லை. விட்டுவிட்டு எரிந்த இடமெல்லாம் ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போலத் துளை துளையாக இருந்தது. ஆர்க்கின் சூட்டில் நீர் பிரிந்து வரும் ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகும் என்பதும், தண்ணீர் சட்டென்று குளிரவைப்பதால் வெல்டின் ஓரம் இறுகி விரிசல் விடக்கூடும் என்பதும் தெரிந்தவன்தான் என்பதால், சிறு குறைகளை எதிர்பார்த்தே இருந்தேன். ஆனால் வைஸில் கட்டி வளைக்கத் தொடங்கியதுமே துண்டு பட்டென்று ஒடிந்தது. ஸ்பூலின் லேபிளை நகத்தால் சுரண்டியபோது, அடியில் இன்னொரு லேபிள் தெரிந்தது: இ71டி-1. உருகும் இரும்பைக் காற்றிலிருந்து காக்கும் வாயு இல்லாமல் கரையிலேயே ஒழுங்காக ஓடாத சாதாரண வயர் அது.

விற்றவர் முதல்நாள் என் கரண்ட் அளவு தவறு என்றார். மறுநாள் கேபிள் நீளம் என்றார். அதற்கு அடுத்த நாள் உப்புத் தண்ணீரில் யார் சோதிக்கச் சொன்னது என்று என்னையே கேட்டார். லேபிளின் படத்தை அனுப்பிய பிறகு அவருடைய எண் எடுக்கப்படவில்லை. பணம் தங்கள் வழியாக வராததால் பொறுப்பில்லை என்று இணையச் சந்தையினர் ஒரே வரியில் கைகழுவினார்கள். 46,500 ரூபாய், இரண்டு மாதக் கூலியை அதிலிருந்துதான் கொடுத்திருப்பேன்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், ஆத்திரத்தில் கை ஓடவில்லை. ஒரு கிலோ மாதிரியைச் சோதிக்காமல் ஸ்பூல் வாங்காதீர்கள். வயருக்கான தரச் சான்றிதழிலுள்ள எண்ணை ஸ்பூலின் எண்ணோடு ஒப்பிடுங்கள். தனிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் என்னைப் போல நான்கு நாள் காத்திராமல் அன்றைக்கே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். மூன்றாவது ஸ்பூல் பிரிக்கப்படாமல் பட்டறையில் இருக்கிறது. பாதி விலைக்குத் தருவேனா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.