ஃபேபர்-காஸ்டெல் 9000: நிழல் தீட்டுவோருக்கு ஏற்ற பென்சில்

1905ஆம் ஆண்டு முதல் விற்பனையில் உள்ள ஃபேபர்-காஸ்டெல் 9000 பென்சில்கள், 6எச் (மிகக் கடினமானது, வெளிர்நிறக் கோடு தருவது) முதல் 8பி (மிக மென்மையானது, கருமையான கோடு தருவது) வரை 16 தரங்களில் கிடைக்கின்றன. ஆயினும், நிழல் தீட்டுவதற்கு எச்பி, 2பி, 4பி, 8பி ஆகிய நான்கே போதும் என்பது என் உறுதியான கருத்து. முகம் வரையும்போது, மூக்கின் கீழுள்ள நிழலை 4பி-யால் அடுக்கடுக்காக மென்மையாகத் தீட்டி, மூக்கு நுனியில் ஒளி விழும் இடத்தில் தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டால், மூக்கு தாளிலிருந்து எழுந்து நிற்பதை உடனே உணரலாம். பென்சிலின் உள்ளே இருக்கும் கிராஃபைட்டின் இயல்புப்படி, 8பி-யை அழுத்தித் தீட்டிய இடங்கள் வெளிச்சத்தில் பளபளக்கவே செய்யும். கை அழுத்தத்தைக் குறைத்துப் பல அடுக்குகளாகக் கருமையைக் கூட்டினால் அந்தப் பளபளப்பு பெரிதும் தணியும். கண்மணி போன்ற முழுக் கருமை வேண்டிய இடங்களுக்கு மட்டும் ஒரு கரிப் பென்சிலையும் உடன் வாங்கிக்கொள்வது நல்லது.