கால் கட்டைவிரல் தேய்மானம்: செருப்பை மாற்றுவதா, மூட்டைப் பூட்டுவதா?

நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும் அந்த நொடியில் கட்டைவிரலின் அடிமூட்டு மேல்நோக்கி மடங்க வேண்டும். நல்ல மூட்டு 65 முதல் 75 டிகிரி வரை மடங்கும். தேய்ந்த மூட்டில் இது 30, 20, 10 என்று சுருங்கிக்கொண்டே வரும். குருத்தெலும்பு தேயத் தேய மூட்டின் மேல்பக்கத்தில் எலும்பு முளைக்கிறது. விரல் மேலே வரும்போது அதில் போய் இடிக்கிறது, கதவு திறக்கும் வழியில் கல்லை வைத்ததுபோல. ‘ஹாலக்ஸ் ரிஜிடஸ்’ என்று மருத்துவர் எழுதித் தருவது இதைத்தான்.

வேறு இரண்டோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். புடைப்பு மேலே இல்லாமல் உள்பக்க ஓரத்தில் இருந்து, விரலும் இரண்டாம் விரலை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது பனியன் (bunion) எனும் எலும்புப் புடைப்பு. ராத்திரியில் திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனால் கௌட்டை, அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து வேறு, கத்தி வேலை இல்லை.

வலி எங்கே வருகிறது?

எக்ஸ்ரே எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. 2003-இல் காக்லின், ஷர்னாஸ் இருவரும் வகுத்த 0 முதல் 4 வரையிலான நிலைகளைத்தான் மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அதில் 3-ஆம் நிலைக்கும் 4-ஆம் நிலைக்கும் எக்ஸ்ரேயில் வித்தியாசம் கிடையாது. விரலை அசைக்கும்போது நடுவழியிலேயே வலித்தால் 4, கடைசி எல்லையில் மட்டும் வலித்தால் 3. எந்த அறுவை என்பதும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். உட்கார்ந்து, காலை மறு தொடைமேல் போட்டு, ஒரு கையால் முன்பாதத்தை அசையாமல் பிடியுங்கள். மறு கையால் கட்டைவிரலின் அடி எலும்பைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். நுனியைப் பிடித்தால் நுனி மூட்டு மடங்கி ஏமாற்றிவிடும். மேலே போய் முட்டும் இடத்தில் மட்டும் சுரீர் என்றால், முளைத்த எலும்பு இடிக்கிறது, உள்ளே குருத்தெலும்பு இன்னும் மிச்சம் இருக்கலாம். பாதி வழியில், லேசாக அழுத்திச் சுழற்றினாலே வலித்தால் மூட்டின் முகமே போய்விட்டது என்று பொருள்.

கத்தியில்லாத வழி

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: மூட்டை மடங்க விடாதே. இங்கேதான் ஆட்கள் நேரெதிராகப் போகிறார்கள். வலிக்கிறதே என்று மெத்தென்ற, வளைந்து கொடுக்கும் ஷூவை வாங்குகிறார்கள். அது ஒவ்வொரு அடியிலும் விரலை மடக்கி வலியைக் கூட்டும். ஷூவின் குதியை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் சுலபமாக வளைந்தால் அது உங்களுக்கு ஆகாது. அடிப்பாகம் கெட்டியாக, நுனி மேல்நோக்கி வளைந்து படகுபோல உருளும் ‘ராக்கர்’ வகை நல்லது. புடைப்பு உரசாமலிருக்க முன்பகுதி உயரமாக இருக்க வேண்டும். ஹீல்ஸ் வேண்டாம்.

இருக்கிற ஷூவையே கெட்டியாக்க உள்ளடிக்குக் கீழே கார்பன் ஃபைபர் தகடு வைக்கலாம். தகடு கட்டைவிரல் நுனிவரை போக வேண்டும். மூட்டுக்கு முன்பே முடிந்தால் மடிப்பு சரியாக மூட்டில் விழும், பயனில்லை. தகடு வைத்ததும் ஷூ இறுகும், ஆகவே கூடுதல் ஆழம் உள்ள ஷூவாகப் பாருங்கள். முதலில் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களோ சில மாதங்களோ தாங்கும், தேய்மானத்தைத் திருப்பாது. ஊசி போட்ட கையோடு அறுவை செய்தால் தொற்று அபாயம் கூடும் என்பதால், அறுவை யோசனை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். விரலை வலிக்க வலிக்க மேலே இழுக்கும் ‘பயிற்சி’யை விட்டுவிடலாம், எலும்பில் எலும்பை மோதவிடுவதால் எதுவும் இளகாது.

இந்தத் தகடு ஒரு முன்னோட்டமும்கூட. ஆறு வாரம் ஒழுங்காகப் போட்டு, அசைவு நின்றதும் வலியும் நின்றால், மூட்டை இணைத்தால் எப்படி இருக்கும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

முளையைச் செதுக்குவதும் மூட்டை இணைப்பதும்

கைலெக்டமியில் முளைத்த எலும்பையும், அதோடு சேர்த்து மூட்டுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பின் தலையில் மேற்புறமாகக் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரையும் செதுக்கி எடுக்கிறார்கள். மூட்டு மிஞ்சும், அசைவும் கொஞ்சம் திரும்பும். அன்றே கெட்டியான அறுவைச் செருப்பில் நடக்கலாம், சுமார் 2 வாரத்தில் தையல் பிரிப்பார்கள். அசைவுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்காவிட்டால் தழும்பு இறுகி, அறுவை மேஜையில் கிடைத்த டிகிரியெல்லாம் போய்விடும். தோல் நரம்பு உரசப்பட்டால் விரலின் மேல்பக்கம் மரத்துப்போகலாம். வீக்கம் முழுதாக வடிய மூன்று மாதமும் ஆகும். எல்லையில் மட்டும் வலிப்பவர்களுக்கு இது நல்ல பேரம். நடுவழி வலி உள்ளவர்களுக்கு, செதுக்கினாலும் தேய்ந்த முகங்கள் உரசிக்கொண்டேதான் இருக்கும்.

ஃபியூஷன் வேறு கதை. மிச்சக் குருத்தெலும்பைச் சுரண்டி, இரு எலும்புகளையும் பிளேட், ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்குகிறார்கள். அந்த மூட்டு இனி மடங்காது, ஆனால் வலிக்கவும் பெரும்பாலும் காரணமிருக்காது. தேய்மானம் முற்றியவர்களுக்கு நீண்டநாள் நம்பகமானது இதுதான். ‘விரல் போய்விட்டது’ என்ற பயம் மிகை: நுனி மூட்டு அசையும், நடக்கலாம், மலையேறலாம், பலர் ஓடவும் செய்கிறார்கள். உயர்ந்த ஹீல்ஸும், விரலை மடக்கிக் குந்துவதும் போய்விடும்.

இதில் எல்லாமே கோணத்தில் இருக்கிறது. விரல் தரையிலிருந்து சுமார் 10 முதல் 15 டிகிரி மேலே நிற்க வேண்டும். அறுவை மேஜையில் தரை இல்லையே! அதனால் தட்டையான ஒரு தட்டைப் பாதத்தின் அடியில் அழுத்தி, விரலுக்கும் தட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்க்ரூவை இறுக்குவார்கள். அதிகம் உயர்ந்தால் நகம் ஷூவில் உரசும். தாழ்ந்தால் நுனியில் பாரம் விழுந்து, வருடங்கள் போனபின் நுனி மூட்டும் தேயும். சுமார் 6 வாரம் குதிகாலில் மட்டும் பாரம், பிறகு எக்ஸ்ரே. பத்தில் ஒருவர் வரை எலும்பு ஒட்டாமல் போவதுண்டு, புகைபிடிப்பவர்களுக்கு இது கூடுதல்.

செயற்கை மூட்டு

முழங்காலில் வைப்பதுபோல இங்கேயும் வைக்கக் கூடாதா என்று கேட்காதவர் இல்லை. சிலிக்கோன் மூட்டுகள் தேய்ந்து உதிரும் துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. ஹைட்ரோஜெல் செயற்கைக் குருத்தெலும்புக்கு 2016-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் எலும்புக்குள் அமிழ்வதும் மறு அறுவையும் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று 2024-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். தோல்வியடைந்த செயற்கை மூட்டை எடுத்தபின் எலும்பில் குழி விழுந்திருக்கும். வேறிடத்திலிருந்து எலும்பு எடுத்து நிரப்பித்தான் இணைக்க முடியும்.

கெல்லர் முறையில் விரல் எலும்பின் அடியை வெட்டி எடுப்பார்கள். விரல் வலுவிழந்து மேலே தூக்கிக்கொள்ளக்கூடும். அதிகம் நடக்காத வயதானவர்களுக்கு மட்டும்.

அவசரம் எதற்கு, எதற்கு இல்லை

ஃபியூஷனுக்கு அவசரமே இல்லை. இன்றும் செய்யலாம், ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம், செய்தால் திருப்ப முடியாது. கைலெக்டமிக்கு மட்டும் காலம் உண்டு: குருத்தெலும்பு மிச்சமிருக்கும்வரை. ஆகவே எல்லை வலி மட்டும் உள்ளவர், சரியான ஷூவும் தகடும் மூன்று மாதம் போட்டும் தேறாவிட்டால் தள்ளிப்போட வேண்டாம். நடுவழி வலி உள்ளவர் ஷூவோடு சமாளிக்க முடிகிறவரை சமாளிக்கலாம். ஆனால் வலிக்குப் பயந்து பாதத்தின் வெளி ஓரத்தில் நடக்கத் தொடங்கிவிட்டால், அடுத்து மற்ற விரல்களின் அடியும் முழங்காலும் முறையிடும். அப்போது பொறுமைக்கு அர்த்தமில்லை.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறாது. சர்க்கரை கட்டுக்குள் வர வேண்டும், சிகரெட் நிற்க வேண்டும். வலது காலில் ஃபியூஷன் என்றால் சுமார் இரண்டு மாதம் கார் ஓட்ட முடியாது, தேதி குறிக்கும் முன் அதற்கு வழி பார்த்துவிடுங்கள்.